நூற்றிரண்டு அடி

பண்ணவாடித் துறையில்
பரிசலுக்கு ஆள் சேரக் காத்திருந்தோம்.
இரண்டு ஆடு, ஒரு கேஸ் சிலிண்டர், நான்.
"போதும்" என்றார் சவரியப்பன்.

நடு அணையில் துடுப்பை மடியில் வைத்து
பீடி பற்றவைத்தார்.
கீழே கோயில் இருக்கிறது என்றார்,
பக்கத்து வீட்டைக் காட்டுவதுபோல.
பரிசல் தன்பாட்டுக்குச் சுற்றியது.
பாலமலை இரண்டு முறை என்னைக் கடந்து போனது.

திட்டில் கெம்பம்மாளின் சோளக்காடு.
ராத்தங்க நானூறு, களியும் மீன்குழம்பும் சேர்த்து.
கட்டில் ஒன்றுதான்,
அதில் வெள்ளாடு படுத்திருந்தது.

எத்தனை ஏக்கர் என்றேன்.
"எம்பதடியில ஆறு.
தொண்ணூறுல மூணு.
இன்னைக்கு என்ன, நூத்தி ரெண்டா?"
ரேடியோவைத் திருகினாள்.

இரவெல்லாம் தண்ணீர்
சோளத்தட்டுக்குள் புகுந்து
எதையோ எண்ணிக்கொண்டிருந்தது.

விடிந்தபோது
நான் செருப்பு விட்ட இடத்தில் கெண்டைக் குஞ்சுகள்.
ஒன்றுதான் அகப்பட்டது.
இடுப்பளவு நீரில் கெம்பம்மாள்
கதிர் அறுத்துக்கொண்டிருந்தாள்.
"சும்மா நிக்காத, கூடையப் புடி."

சேலம் பஸ்ஸில் கண்டக்டர்
என் காலைப் பார்த்தார்.
அணை இப்போ எத்தனை அடி என்று கேட்டேன்.
"ஏன், அங்க நிலம் இருக்கா?"

ஒரு செருப்பு இருக்கிறது என்றேன்.