ஜெனரேட்டர் மணிக்கணக்கு

முதலில் என்ஜின் மேல் கை வைப்பேன்.
சூடாயிருந்தால்
நான் வருமுன்பே யாரோ அதைத் தட்டியெழுப்பி
இருமலையெல்லாம் இருமி முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.
இன்று காலை, அரிசோனா பாலைவெளியில்,
ஓரின் ஹாஸ்கெட்டின் வண்டி
சில்லென்று இருந்தது.
சரி. நல்ல ஆரம்பம்.

நாற்பதடி நீள வீடு.
வெண்ணெய் நிறத் தோலிருக்கை, பளிங்குத் தரை,
பொத்தானைத் தொட்டால் கூரையிலிருந்து இறங்கும் டிவி.
அதையெல்லாம் மெச்சுவதற்கு எனக்குக் கூலி இல்லை.
டூசானிலிருந்து ஆர்ச்சுலேட்டா தம்பதி
அறுநூறு டாலர் அனுப்பியது
பளிங்கு எதை மூடியிருக்கிறது என்று பார்க்க.

டயர்கள் கறுகறுவென்று புதுசு போலச் சிரித்தன.
சிரிப்பை நம்பி யாரும் மலை இறங்கக் கூடாது.
பிறந்த வாரமும் வருடமும்
நாலே எண்ணாகப் பக்கவாட்டில் பொறித்திருக்கும்;
இவற்றில் அது உள்பக்கம் திரும்பியிருந்தது.
மண்ணில் மல்லாந்து
டார்ச்சைப் பல்லில் கடித்துப் படித்தேன்.
பதினோரு வயது.
ஓடாமல் நின்றே கிழடாகிற ஜாதி.
ஆறையும் மாற்ற வேண்டும்.

கூரைமேல் முழங்காலால் ஊர்ந்தேன்.
உள்ளே வரத் தண்ணீருக்கு வாசல் வேண்டாம்,
ஒரு திருகாணித் துளை போதும்.
ஏசிக்குப் பின்னால் ஓரிடம்
நனைந்த ரொட்டியாய் அமுங்கியது.
அதற்கு நேர் கீழே, அலமாரியில்,
போர்வைகளை எடுத்துவிட்டு மூலையை முகர்ந்தேன்.
புதுப் பெயிண்ட்.
புதுப் பெயிண்டுக்கு அடியில் பழைய மழை.
"அது போன வருஷம்," என்றார் ஓரின்,
நான் கேட்காமலே,
ஆனால் நான் கண்டுபிடித்த பிறகு.

வெளிச்சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே நடந்தேன்.
நகரும் சுவர்கள் இரண்டு மெழுகுபோல் வழுக்கின.
படுக்கையறைச் சுவர் பாதியில் தயங்கி, முனகி, பிறகு வந்தது.
கட்டிலோரக் கம்பளத்தில்
நாலு சின்னச் சக்கரங்களின் குழி.
'தேய்மானம்' என்று குறித்துக்கொண்டேன்.

பதினாலு வருடத்தில் முப்பத்தோராயிரம் மைல்.
ஜெனரேட்டர் மீட்டரிலோ
நாலாயிரத்து எண்ணூறு மணி.
கணக்கு இடித்தது.
"மீட்டர் கெட்டுவிட்டதா?"
"இல்லை."
ஏற்கெனவே துடைத்திருந்த மேடையை
அவர் இன்னொரு முறை துடைத்தார்.
"வெல்டாவுக்கு ஆக்ஸிஜன் மெஷின்.
ராத்திரி நிற்கக் கூடாது.
ஆஸ்பத்திரி ஜன்னலில் கார் நிறுத்துமிடம்தான் தெரியும் என்றாள்.
இந்த மலை தெரிகிற மாதிரி நிறுத்தினேன்.
ரெண்டு குளிர்காலம்.
அதற்கப்புறம் நகர்த்தவில்லை."

என் படிவத்தில் மணிக்கணக்குக்கு ஒரு கட்டம் உண்டு.
காரணத்துக்குக் கட்டம் கிடையாது.
'தேய்மானம்' என்பதை அடித்துவிட்டு
என்ன எழுதுவதென்று தெரியாமல்
'கம்பளம்: பரவாயில்லை' என்றெழுதினேன்.

இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக் கொடுத்தார்.
நூற்றைம்பது மணிக்கொரு முறை எண்ணெய் மாற்றம்,
தேதி, வடிகட்டியின் எண், கையெழுத்து.
முப்பத்திரண்டு வரிகள்.
ஒன்றுகூடத் தப்பவில்லை.
சொல்வதை நம்புவது என் வழக்கமில்லை:
ஊசியால் எண்ணெய் உறிஞ்சி
சீசாவில் அடைத்துப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டேன்.
ரத்தம் எடுப்பதைப் பார்ப்பதுபோல்
அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெனிட்டா ஆர்ச்சுலேட்டா போனில் கேட்டாள்:
"வாங்கலாமா, மார்லிஸ்?"
"கூரைக்கும் டயருக்கும் பதினாலாயிரம் குறைக்கச் சொல்.
குறைக்காவிட்டால் வேண்டாம்."
"அந்த ஜெனரேட்டர்? இத்தனை மணி ஓடியிருக்கிறதே?"
"வண்டியிலேயே நான் நம்புவது
அதை ஒன்றைத்தான்."

அதற்கு முன்பே பாரம் கொடுத்து ஓட்டிப் பார்த்திருந்தேன்:
இரண்டு ஏசி, மைக்ரோவேவ், எல்லா விளக்கும்.
பதினைந்து நிமிடம்.
முள் அசையவில்லை.
ஓரின் கட்டில் முனையில் உட்கார்ந்து
கையைத் தரையில் வைத்து அந்த அதிர்வைக் கேட்டுக்கொண்டிருந்தார்.
"அணைக்கட்டுமா?" என்றேன்.
"இன்னும் கொஞ்சம்."

சோதனை முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது.
பேட்டரிகள் பாக்கியிருந்தன.
நான் அவற்றைப் பார்க்கப் போனேன்,
அணைக்காமல்.