தபால் பெட்டிக்கு ஒன்று

மேற்குப் பார்த்த ஓட்டுக் கட்டடம், அறை எண் இரண்டு.
வாக்காளர் பட்டியலின் முதல் பக்கத்தில்
எங்கள் சாவடிக்கு அதுதான் விலாசம்.
ஓட்டைப் பிரித்துக் கான்கிரீட் போட்டுப் பதினோரு வருஷம்.
திருத்தச் சொல்லி இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன்.
'ஓட்டுக் கட்டடம்தானம்மா, இருக்கட்டும்' என்றார்
தாலுகா ஆபீஸ் தேர்தல் பிரிவுக்காரர்,
சிரிக்காமல்.

பாகம் எண் 114. தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பேர்.
அங்கன்வாடியில் முட்டைக் கணக்கு எழுதும் அதே பேனாவால்
நான் சேர்த்தவர்கள், நீக்கியவர்கள்.
ஆவுடைத்தங்கம் கல்யாணமாகி வீரவநல்லூர் போனாள்.
நீக்கினேன்.
ஒன்றரை வருஷத்தில் பெட்டியோடு முக்கூடலுக்கே வந்தாள்.
சேர்த்தேன்.
கணவர் பெயர் இருந்த இடத்தில் அப்பா பெயரை எழுதும்போது
அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.
பீடித் தட்டில் இலை மட்டும் சரசரத்தது.
பீர்முகமதுவுக்குப் பாலினம் பெண் என்று அச்சாகி வந்த வருஷம்
தாடியைத் தடவிக்கொண்டே கேட்டார்:
'அப்பம் உரிமைத்தொகை எனக்கும் உண்டாம்மா?'

எண்ணி முடித்துச் சில நாளில்
சாவடிவாரிக் கணக்கு வந்தது.
பெரிய சின்னங்கள் இரண்டுக்கும் ஊர் நினைத்தபடிதான்.
நோட்டா ஒன்பது.
அதற்கு மேல் கட்டத்தில்
ம. கூத்தபெருமாள், சுயேச்சை, தபால் பெட்டி:
ஒன்று.

யார் கூத்தபெருமாள்?
இந்த ஊருக்கு அவர் வந்ததில்லை.
ஒரு நோட்டீஸ் இல்லை, ஒரு ஆட்டோ இல்லை, ஒரு கும்பிடு இல்லை.
மெஷினில் தபால்தலை அளவுக்கு ஒரு படம்,
அதிலும் கண்ணை மூடியிருந்தார்.

தோற்றவர்கள் தோற்றதை மறந்தார்கள்,
ஜெயித்தவர்கள் வெடியைப் பாதியில் விட்டார்கள்.
அந்த ஒன்றைத் தேடினார்கள்.
பூத் ஏஜெண்ட் மாசானம் டீக்கடை பெஞ்சில்
எழுநூற்று நாலு பேரையும் ஒவ்வொருவராய்க் கழித்தான்.
நோட்டா ஒன்பதையும் பிடித்துவிட்டானாம்.
இது மட்டும் உதைக்குதாம்.
'யக்கா, லிஸ்ட் ஒங்கிட்டதான இருக்கு?'
'எங்கிட்ட இருக்கது பேருடே.
அட்டைக்குப் பின்னால என்ன செஞ்சாவன்னு
அதுல இருக்காது.'

பிறகு ஒவ்வொருவராய் வந்தார்கள்.

சத்துமாவு வாங்க வந்த தங்கபுஷ்பம்
பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டு சொன்னாள்:
'அவிய ஒண்ணு சொன்னாவ, மாமியா ஒண்ணு சொன்னாவ.
ரெண்டும் வேண்டாம்னு நாந்தாம்.'
ரைஸ்மில் சுடலைக்கண்:
'ரெண்டு பக்கமும் துட்டு வாங்கிட்டேம்.
யாருக்குப் போட்டாலும் ஒருத்தனுக்குத் துரோகம்லா.'
ரிட்டயர்டு போஸ்ட்மேன் ஞானசிகாமணி:
'முப்பத்தொரு வருசம் தொறந்து மூடுன பெட்டி.
கை தானாப் போயிட்டு.'
உச்சிமாகாளிக்கு முதல் ஓட்டு. காதோடு சொன்னாள்:
'விரலு நடுங்கி மாறி அமுங்கிட்டுக்கா.
அழிக்க முடியுமா?'
பீர்முகமது:
'கண்ண மூடிக்கிட்டு இருந்தாரும்மா, பாவமா இருந்துச்சு.'
ஆவுடைத்தங்கம் காரணம் எதுவும் சொல்லவில்லை.
'நான்' என்றாள்.

ஏழாவதாக ஒரு ராத்திரி, கரண்ட் போன நேரம்,
வாசலில் செல்போன் வெளிச்சம்.
மாசானம்.
கட்சித் துண்டைக் கையில் சுருட்டி வைத்திருந்தான்.
'யக்கா, யார்ட்டயும் சொல்லிராத.'

எல்லோரிடமும் சரி என்றேன்.
படிவம் ஆறிலும் ஏழிலும் எட்டிலும்
இதை எழுதக் கட்டம் கிடையாது.
வரிசை எண் 611ஐ மட்டும் யாரும் கேட்கவில்லை.
அது நான்.

வரும் சனி, ஞாயிறு சிறப்பு முகாம்.
கட்டடத்தைத் திருத்தச் சொல்லி
மூன்றாவது மனு எழுதிப் பையில் வைத்திருக்கிறேன்.
கொடுக்கவா வேண்டாமா என்று
இன்னும் முடிவாகவில்லை.