மூன்றாம் ராடு

வெளியே மைனஸ் இருபத்து நான்கு.
உள்ளே, மண்ணெண்ணெய் ஹீட்டரின் புண்ணியத்தில்
ப்ளஸ் ஆறு.
ஸ்பேனர் பிடிக்க இது போதும்,
சண்டை போடப் போதாது.

டர்போவின் அழுத்தத்தை ஒரு திருகு கூட்டியவன் ஸ்தூரே.
"கொஞ்சம்தான்" என்றான்.
உமேயோவுக்கு வடக்கே, ஏற்றத்தில், லாரியை முந்தும்போது
கொஞ்சம் தன் கணக்கைக் கேட்டது.

பக்கத்து வீட்டு ஆல்கொத்திடம் கிரேன் இரவல் கேட்டோம்.
வாய் திறக்காமல்
மூச்சை மட்டும் வெடுக்கென்று உள்ளே இழுத்தார்.
எங்கள் பக்கம் அதற்கு ஆமாம் என்று பொருள்.
இரவு எட்டுக்குள்
எங்கள் வால்வோவின் இதயம்
சங்கிலியில் தலைகீழாகத் தொங்கியது.
(இதயம் என்றது ஸ்தூரே.
நான் இருநூறு கிலோ இரும்பு என்பேன்.)

கழற்றிய ராடுகளைக்
குளியலறைக் கண்ணாடிமேல் படுக்கவைத்தேன்.
ஒன்று, இரண்டு, நான்கு: ஒட்டிப் படுத்தன.
மூன்றின் அடியில் மட்டும்
டார்ச் வெளிச்சம் புகுந்து மறுபக்கம் வந்தது,
ஒரு ரசீதுத் தாளின் கனத்துக்கு.
அவ்வளவுதான் வளைவு.
அவன் நெடுநேரம் அதையே பார்த்தான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாததை ஹீட்டர் கர்ரென்று சொல்லிக்கொண்டிருந்தது.

மாற்று ராடுகள் நான்கு,
மூஸ் மானில் மோதி நொறுங்கிய
வேறொரு வால்வோவின் வயிற்றிலிருந்து.
எங்களுடையதைவிடத் தடிமன்.
அந்த மான் பிழைத்ததா என்று
பழைய இரும்புக் கடைக்காரரிடம் கேட்க மறந்துவிட்டேன்.

போல்ட் முனைகளுக்கு ரப்பர் குழாய்த் தொப்பி,
கிராங்க் மேல் கீறல் விழாதிருக்க.
கழுத்தில் குறுக்காக ஒரு மெழுகு இழை.
மூடியை இறுக்கி, மறுபடி திறந்து
நசுங்கிய இழையின் அகலத்தை அளந்தேன்.
இங்கே ஒரு தலைமயிர் இடைவெளி வேண்டும்,
அதில் எண்ணெய் நிற்க வேண்டும்.
இரும்பும் இரும்பும் தொட்டுக்கொண்டால் தீர்ந்தது கதை.
"நம்மைப் போல" என்று தொடங்கினான் ஸ்தூரே.
கந்தல் துணியை அவன் கையில் கொடுத்து
சிலிண்டரைத் துடைக்கச் சொன்னேன்.

இருபது நியூட்டன் மீட்டர், பிறகு தொண்ணூறு டிகிரி.
எட்டு நட்டுக்கும் அப்படியே.
எண்ணெய்த் தொட்டியை மூடி நிமிர்ந்தால்
தட்டில் ஒரு நட்
மிச்சம்.

இரவு ஒன்றரை.
மறுபடி தொட்டியைக் கழற்றினோம்.
விரல் வைத்து எண்ணினேன்: எட்டு.
அவன் எண்ணினான்: எட்டு.
தட்டில் இருந்தது ஒன்பதாவது.
யாருடையது? மானுடையதா?
மூன்று நாளாக எதற்கும் சிரிக்காத நாங்கள்
தரையில் உட்கார்ந்து சிரித்தோம்.

காலையில் சாப்பாட்டு மேசைமேல் காபி தளும்பியபோது
ஸ்தூரே குனிந்து பார்த்தான்.
மேசைக்கால் ஒன்றில் போல்ட் வெறுமனே நின்றது.
தரைதான் மேடுபள்ளம் என்று
இரண்டு வருஷமாக அட்டை மடித்துச் செருகியிருந்தோம்.
சமையலறையில் நான் சிலிண்டர் மூடியைச் சுரண்டிய அன்று
தட்டுக்கு வந்து விழுந்திருக்க வேண்டும்.

முதலில் ஸ்பார்க் இல்லாமல் சுற்றவிட்டோம்.
எண்ணெய் விளக்கு அணைந்தது.
பிறகு ஒரு இருமல், இன்னொரு இருமல்,
அப்புறம் அந்தச் சீரான முணுமுணுப்பு.
காதை பானெட்டுக்கு அருகில் வைத்தேன்.
தட்டல் இல்லை.

"அந்தத் திருகைப் பழைய இடத்தில் வைத்துவிட்டாயா?"

வாசலில், திறந்த கதவருகே, பனிப்புகைக்குள் நின்றவன்
மூச்சை வெடுக்கென்று உள்ளே இழுத்தான்.

ஆமாமா,
குளிரா?