நடுமடிப்பு

பதினோராம் பக்கத்துக்கு
ஒரே வரிதான் கொடுத்திருந்தார்கள்:
"அன்றிரவு ஆறு எழுந்து நடந்தது."
எப்படி நடந்தது, எதை உடுத்திக்கொண்டு,
ஒன்றும் இல்லை.
கதைக்கென்ன, வாயால் சொல்லிவிட்டுப் போய்விடும்.
கையால் செய்கிறவள் நான்.

தார்த்து நகரில் நவம்பர் என்றால்
மூன்றரை மணிக்கே ஜன்னல் கண்ணாடியில்
என் முகம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.
சூனியக்காரி வேண்டுமென்றால் அப்படியே வரைந்துகொள்வேன்.
ஏழு புத்தகங்களில் அவள் நான்தான்.
கண்டுபிடித்தவர் ஒருவரே, என் பல் வைத்தியர்.

முதலில் ஆற்றுக்கு ஒரு கோட்டு மாட்டினேன்.
நனைந்த கம்பளிக் கோட்டு, பையில் இரண்டு மீன்.
சம்பளம் வாங்கப் போகிறவர் மாதிரி இருந்தது.
கிழித்தேன்.
பிறகு நீளக் கூந்தல். பிறகு வெறும் தண்ணீர்,
செங்குத்தாக;
தெருவில் குழாய் உடைந்ததுபோல.
ஊர்மாஸ் தொலைபேசியில் சொன்னார்:
"ஆற்றுக்குக் கால் எங்கே என்று பிள்ளைகள் கேட்கும்.
அச்சகம் வியாழன்வரைதான் பொறுக்கும்."

புதன் இரவு
ஆற்றை விட்டுவிட்டு
அது படுத்திருந்த இடத்தை வரைந்தேன்.
இன்னும் சூடு ஆறாத சேறு.
ஒருபக்கம் சாய்ந்த படகு. ஒற்றைச் சறுக்குக் காலணி.
யாரோ ஆத்திரத்தில் எறிந்த மோதிரம்.
கண்ணை மூடத் தெரியாத மீன்கள்
ஒருக்களித்துக் கிடந்து
தூங்குவதாக நடித்தன.
ஈரத் தடம் ஒன்று
இரண்டு பக்கமும் சேரும் நடுமடிப்புக்குள் போய்
திரும்பவில்லை.

எங்கள் தொழிலில் அந்த மடிப்பென்றால் எல்லோருக்கும் பயம்.
தையல் விழும் இடம்.
அரை விரல் அகலத்தை விழுங்கிவிட்டு
ஏப்பம்கூட விடாது.
அங்கே முகம் வைக்காதே, கை வைக்காதே என்பார்கள்.
ஒருமுறை என் இளவரசன் ஒருவனின் மூக்கையே தின்றது.

மார்ச்சில் வில்யாண்டி நூலகத்திலிருந்து
வைகே என்பவர் எழுதியிருந்தார்:
மிர்தெல் என்கிற ஆறு வயதுக்காரி
என் புத்தகத்தை முழங்காலில் வைத்து
இரண்டு கையாலும் அழுத்தி
முதுகு முறியும்வரை விரித்துவிட்டாளாம்.
உள்ளே பழுப்புப் பசை,
வெள்ளை நூலில் தையல்கள்.
"கால்" என்றாளாம்.
பிறகு ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி,
"நாலு. அதான் இவ்வளவு வேகம்."

ஊர்மாஸிடம் வாசித்துக் காட்டினேன்.
கொஞ்சநேரம் பேச்சே இல்லை.
பிறகு, முறிந்த பிரதிக்கு
பணம் யார் கட்டியது என்று கேட்டார்.