மண்ணுக்குப் போகும் குழாய்

கோசோ தீவில் முப்பது வருஷமாய்க் குழாய் வேலை.
எந்த வீட்டுத் தண்ணீர் கடைசியில் எங்கே போகும்
என்று என்னைக் கேட்டால் போதும்.
கடலுக்கு. வேறெங்கே.

பங்குக் கோயிலின் சங்கிரீஸ்துவில் இரண்டு தொட்டிகள்.
ஒன்றில் விஸ்தின் காபிக் கோப்பை கழுவுகிறார்.
மற்றதற்குப் பித்தளை மூடி, சின்னப் பூட்டு.
அதில்தான் அடைப்பு.

உடை அலமாரியை நகர்த்த இருவரும் திணறினோம்.
இழுப்பறை ஒவ்வொன்றும் கட்டில் அகலம்.
உள்ளே ஊதா, பச்சை, வேதசாட்சிகளுக்குச் சிவப்பு,
கை விரித்துப் படுத்திருந்தன,
ஆள் வந்து எழுப்பும்வரை.
அந்துருண்டை வாசனை.
பொன்னிழை பிரிந்த ஓரத்தைத் தைத்துக்கொண்டே
விஸ்தின் சொன்னார்:
"இது சாக்கடையில் சேராது.
கிண்ணம் கழுவிய நீர், பழைய தீர்த்தம்,
ஞானஸ்நானத் தண்ணீர்,
எல்லாம் நேரே மண்ணுக்கு."

"எல்லாப் பிள்ளைகளுடையதுமா?"

"பின்னே?"
நூலைப் பல்லால் கடித்தார்.

கல்லைப் பெயர்த்தேன்.
முழ நீளம் சுட்டமண் குழாய், அப்புறம் ஒன்றுமில்லை.
எதனோடும் இணையாத குழாயை
என் தொழிலில் அன்றுதான் பார்த்தேன்.
அதற்குள் வேர்.
வெளிச்சுவரை ஒட்டி யாரும் நடாத அத்தி ஒன்று உண்டு,
அதன் நிழலில்தான் என் வண்டி நிற்கிறது.
அதன் வேர் மயிர்க்கற்றையாய்
இருட்டில் மேலேறி வந்திருந்தது,
குடிக்க.

ரோஸினா பதினொரு வாரம் இருந்தாள்.
தலையில் ஊற்றியபோது அழவில்லை, தும்மினாள்.
பாதிரியார்கூடச் சிரித்துவிட்டார்.
கல்லறையில் அவளுக்குப் பெயர் உண்டு, தேதி உண்டு.
அந்தத் தண்ணீர் என்ன ஆனது என்று
நானும் ஜீத்தாவும் கேட்டதில்லை.
யார் கேட்பார்கள்.

ரம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் முழங்காலிட்டிருந்தேன்.
விஸ்தின் ஜெபிக்கிறேன் என்று நினைத்திருக்கலாம்,
ரேடியோவைத் தணித்தார்.

பாதி வேரை வெட்டினேன். நீர் இறங்கும் அளவுக்கு.

"முழுசாக எடுக்கலாமே?"

"அஞ்சு வருஷம் தாங்கும். மறுபடி அடைத்தால் கூப்பிடுங்கள்.
அமிலம் மட்டும் ஊற்றாதீர்கள்."

கை கழுவக் காபித் தொட்டியைக் காட்டினார்.
வேண்டாம் என்றேன்.

வெளியே ஆகஸ்ட் வெயில்.
வண்டிக் கூரையில் இரண்டு பழம் விழுந்து
விதை தெரிய நசுங்கியிருந்தன.
வழக்கமாகத் திட்டிக்கொண்டே துடைப்பேன்.
அப்படியே ஓட்டிப் போனேன், மெதுவாக,
ஜீத்தா இருக்கும் வீட்டுக்கு.