ஐந்தாம் காட்சி

வெருலம் கோயில் மண்டபம், கடைசி இரவு.
டர்பன் தையல் ஆலையில் ஷிஃப்ட் முடித்து
பெருவிரலில் ஊசி ஏறிய தழும்போடு
தனபாக்கியம் அரசியாகிறாள்.

கத்தியை எடுத்துக் கொடுத்தவள் இவள்.
குத்தப் போனவன் நடுங்கினான்,
கைதட்டல் அவனுக்கு.
இவளுக்கு முன்வரிசையிலிருந்து ஒரு ‘ச்சீ’.

இப்போது நஞ்சு குடித்து விழ வேண்டும்.
குடித்தாள்.
பக்கத் திரைக்குள்ளிருந்து நான்
“விழு” என்றேன்.
“அக்கா, விழு.”

வாயைத் துடைத்துவிட்டு
அரியணையில் சாய்ந்துகொண்டாள்:
கல்யாண வாடகை நாற்காலி, சிவப்பு வெல்வெட்,
ஒரு கால் ஆடும்,
காலையில் திருப்பித் தர வேண்டும்.

கயிறு பிடித்த பையன் என்னைப் பார்த்தான்.
நான் பிரதியைப் பார்த்தேன்.
இதற்குமேல் அவளுக்கு வசனம் இல்லை.

யாரோ இருமினார்கள்.
ஆறிப்போன ரூய்போஸ் கோப்பையை உயர்த்தி
“நஞ்சுக்குச் சர்க்கரை போதாது” என்றாள்,
கடைசி வரிசைக்கும் கேட்க.