என் நாற்காலிக்கு ஆள் தேவை

"உன் இடத்துக்கான விளம்பரத்தை நீயே எழுதிவிடு, வெங்கெ.
உன்னைவிட யாருக்குத் தெரியும்" என்றார் பேராசிரியர் லோமன்,
சைக்கிள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே.

எழுதினேன்.
முனைவர் பட்ட ஆய்வாளர், பொருளறிவியல் துறை.
மூன்று ஆண்டு. நீட்டிக்க வாய்ப்புண்டு.
அறுபத்தைந்து விழுக்காடு சம்பளம்.
மீதி முப்பத்தைந்தில் நான் எங்கே போகிறேன் என்று
நாலு வருடமாக எவரும் கேட்டதில்லை.
உலைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன்.

தகுதி: நல்ல முதுகலைப் பட்டம், ஆங்கிலம்,
பிறரோடு ஒத்துழைக்கும் குணம்.
ஜெர்மன் தெரிந்தால் நலம்.

எழுதாமல் விட்டவை:
மழை நாளில் மூன்றாவது வால்வு கசியும்.
கண்ணுக்குத் தெரியாது, காதை வைத்துக் கேட்க வேண்டும்.
பட்டறை ஹெர் குன்ட்ஸெ பத்து மணிக்கு முன் யாரோடும் பேசமாட்டார்,
பிளம் கேக் கொண்டுபோனால் பேசுவார்.
டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும்.
அதற்கு விண்ணப்பப் படிவம் ஏதும் கிடையாது.

கடைசித் தேதிக்குள் நூற்றுத் தொண்ணூற்றாறு.
பாதிக்கு மேல் "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கின.
ஒருவருக்கு ஆஹன் நகரில் படிப்பது சிறுவயதுக் கனவாம்.
இது ஃப்ரைபெர்க்.
சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை.
நான் தேடிய வருடம் நாற்பத்தொன்று அனுப்பினேன்,
ஒன்றில் நானும் ஊர்ப்பெயரை மாற்ற மறந்தேன்.
பதில் வந்தவை ஆறு. ஐந்தில் "வருந்துகிறோம்."
தாய்மொழியில் வருந்தினார்கள் என்பதால்
ஒன்றும் குறைந்துவிடவில்லை.

குமாசியிலிருந்து ஒருத்தி, தங்கச் சுரங்கத்தில் இரண்டு வருட வேலை.
கெம்னிட்ஸிலிருந்து ஒரு பையன், மதிப்பெண் எல்லாம் வெண்ணெய்.
பிறகு தப்ரீஸிலிருந்து மஹ்நூஷ் ரஸ்தேகார்.
கடிதம் அரைப் பக்கம்கூட இல்லை:

உங்கள் கட்டுரையின் நான்காவது படத்தில்
ஆயிரத்து நூற்றுப் பத்து டிகிரியில் ஒரு புள்ளி
கோட்டை விட்டு விலகி நிற்கிறது.
அளவீட்டுப் பிழை என்று எழுதியிருக்கிறீர்கள்.
மன்னிக்கவும், நிஜமாகவா?

எழுந்து போய்க் காபி போட்டேன், குடிக்கவில்லை.
மார்ச் மாத இரவு அது. மூன்று முறை அளந்தேன்.
மூன்று முறையும் அதே இடத்தில்
அசையாமல் நின்றது, சொன்னதையே சொல்லும் சாட்சி போல.
மானியம் முடிய ஒன்பது வாரம்.
பிழை என்ற சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.
கோட்டை விட்டது புள்ளி மட்டுமல்ல.

லோமன் பட்டியலை நின்றபடியே பார்த்தார்.
"தப்ரீஸ் வேண்டாம். விசாவுக்கே எட்டு மாதம்.
அக்டோபரில் பணம் ஓடத் தொடங்க வேண்டும்.
கெம்னிட்ஸ் பையன் திங்கட்கிழமையே வந்துவிடுவான்."

நான் அவள் கடிதத்தை நீட்டினேன்,
கூடவே நான்காவது படத்தையும்.

படித்தார். மறுபடி படித்தார்.
"அன்று இரவு வால்வு கசிந்ததா?"

"அன்று மழை இல்லை."

ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.
தலைமுடி ஒரு பக்கமாக அமுங்கியிருந்தது.
நெடுநேரம் கழித்து,
"அக்டோபரைத் தள்ளிப்போட யாரிடம் பேச வேண்டும்?" என்றார்,
என்னிடம்.

எனக்கென்ன தெரியும்.
ஜூன் முப்பதுக்கு மேல்
இந்தக் கதவு என் அட்டைக்குத் திறக்காது.
இருந்தும் தொலைபேசி எண்ணைத் தேட ஆரம்பித்தேன்.